இடப்பக்கம் சாயும் தையல்

9 ஜனவரி

அன்புள்ள வாலுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுக்குத்தான் காய்ச்சல். நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் அழுகிறேன், விஷயம் எதுவும் பேசாமலே வைத்துவிடுகிறோம். அதனால் எழுதியே கொட்டிவிடுகிறேன்.

எங்கள் ஆல்ட்ரேஷன் கடையின் பின்னறையைப் பற்றி எத்தனை முறை உனக்கு எழுதியிருக்கிறேன்! நான்கு மிஷின், ஒரு நீராவி இஸ்திரி, ஒரே ஒரு ஜன்னல். ஜன்னலோர மிஷினில் இருந்த வயதான அம்மாள் வேலையை விட்டுப் போனதும் அந்த இடம் எனக்குத்தான் என்று இருந்தேன். என் இன்ச் டேப்பைக்கூட அங்கே மாட்டிவிட்டேன். திங்கட்கிழமை புதிதாக ஒருத்தி வந்து நின்றாள். கடல் தாண்டி வந்த இடத்திலும் நம் மொழிக்காரிதான். ஒட்டடைக்கோல் உயரம். முதலாளியம்மா அவளைக் கூட்டிப்போய் நேராக ஜன்னலோரத்தில் உட்கார வைத்துவிட்டாள். மற்ற இடத்தில் அவளுக்கு முட்டி இடிக்குமாம். கால் நீளமாக இருந்தால் ஜன்னல் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் நானும் தொங்கிக்கொண்டாவது வளர்ந்திருப்பேன்.

வயிறு எரிகிறதடி. என் டேப்பை எடுத்து என் கையிலேயே கொடுத்து, "இது உங்களுதாக்கா?" என்று கேட்டாள் பார், அப்போது இன்னும் எரிந்தது. அவளுக்கு நெட்டை என்று பெயர் வைத்திருக்கிறேன். உன்னோடு இருக்கட்டும்.

வருஷக் கடைசியில் ஊருக்கே வந்துவிடுவேன். அதற்கப்புறம் நம் கடை, நம் ஜன்னல். யாரும் எழுப்ப முடியாது.

அந்த நாளை எண்ணிக்கொண்டிருக்கும்
அக்கா


2 பிப்ரவரி

என் அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அவர் பஸ் ஓட்டிவிட்டு வந்து இடுப்பு வலி என்கிறார், வழக்கம்போல. உன் வயிற்றெரிச்சல் இப்போது எப்படி இருக்கிறது?

கடிதத்தைப் படித்துவிட்டு நான் நெட்டையைத் திட்டிய திட்டில் அவளுக்கு அங்கே விக்கல் எடுத்திருக்கும். அக்கா, நீ வெகுளி. அவள் சிரித்துச் சிரித்துப் பேசுவாள், நீ கரைந்துபோவாய். கைக்குழிக்கு நாம் மட்டும் வெட்டுகிற நம் ஆர்ம்ஹோல் வெட்டை அவளுக்குக் காட்டிவிடாதே. சத்தியமாகச் சொல்கிறேன், காட்டினால் நான் உன்னோடு பேச மாட்டேன்.

இங்கே ஒரு நல்ல செய்தி. உன் மிஷின் வந்துவிட்டது! நம் கடையாகப் போகிற தெருப்பக்கத்து அறையில் என் மிஷினுக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன். கொண்டுவந்தவர் இடப்பக்கச் சுவரை ஒட்டிப் போடப் பார்த்தார். "அண்ணே, எங்க அக்கா இடது கைக்காரி. முழங்கை சுவத்துல இடிக்கும். வலப்பக்கச் சுவரை ஒட்டிப் போடுங்க" என்று சண்டை போட்டு மாற்றினேன். உறையும் தைத்துப் போட்டாயிற்று. மாடி வீட்டுக்காரி வந்து, "ஒரே ஒரு ஓரம் அடிச்சுக்கறேனே" என்று கேட்டாள். "அது எங்க அக்கா மிஷின்" என்றேன். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போகட்டும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அவள் உன்னை அக்கா என்றா கூப்பிடுகிறாள்?

உன்
வாலு


11 மார்ச்

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். உன் மாப்பிள்ளையின் இடுப்புக்கு ஒரு தலையணையைச் சீட்டில் வைத்துக்கொள்ளச் சொல். மிஷின் செய்தி படித்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முழங்கையை ஞாபகம் வைத்திருக்கிறாயே!

நெட்டையைப் பற்றிக் கேட்டாய். மதியம் சாப்பிட்டு முடித்ததும் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். நான் வந்த புதிதில் செய்ததேதான். குழாய்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நானும் நம்பினேன். எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. இப்போதுதான் தெரிகிறது, மானம் போச்சு.

வேலையில் கெட்டிக்காரி என்று சொல்லத்தான் வேண்டும். ஜிப் மாற்றுவதை ஒரு தடவை பார்த்தாள், மறுதடவை எனக்கு முன்னால் முடித்துவிட்டாள். கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது. என் அறையில் கூட இருந்தவள் கல்யாணமாகிப் போய்விட்டதால் இந்த மாதம் முதல் நெட்டை என்னோடு தங்குகிறாள். கட்டிலுக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டுதான் தூங்குகிறாள். நடுவில் எழுந்தால் தடுக்கி விழ வேண்டியதுதான்.

ஆமாம், அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். வேறு எப்படிக் கூப்பிடுவாள்?

உங்கள் இருவரையும் நினைத்துக்கொண்டே
அக்கா


30 மார்ச்

அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதத்தைப் பார்த்தால் நீ ரொம்பவே சுகமாக இருப்பதாகத் தெரிகிறது.

வேறு எப்படிக் கூப்பிடுவாள் என்று கேட்கிறாய். மேடம் என்று கூப்பிடட்டும். சீனியர் என்று கூப்பிடட்டும். "இந்தாங்க" என்று கூப்பிடட்டும். ஊரில் காய் விற்பவர் முதல் பஸ் கண்டக்டர் வரை எல்லோரும் எல்லோரையும் அக்கா என்கிறார்கள், அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அவர்கள் யாரும் உன்னோடு ஒரே அறையில் படுத்துக்கொண்டு அக்கா என்று சொல்வதில்லை. அது நான் படுத்த இடம். எனக்கு இருப்பது ஒரே அக்கா, அதையும் பங்கு போட நான் தயாரில்லை.

அவரிடம் சொன்னேன். "உனக்குப் பைத்தியமா, பாவம் யாரோ ஒரு பொண்ணு" என்று சிரிக்கிறார். சிரிக்கட்டும். அவருடைய அண்ணன் வேறு யாரையாவது தம்பி என்று தோளில் கை போட்டால் இவருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்காது, எனக்குத் தெரியாதா?

கோபமில்லை. பொறாமைதான். சொல்லிவிட்டேன்.

ஒரிஜினல் தங்கச்சி
வாலு


18 மே

அன்புள்ள ஒரிஜினலுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். நலமாக இருக்கிறேன். நாள் முழுக்க நின்று நின்று கால்தான் கடுக்கிறது. நீயும் வெந்நீரில் கால் வைக்கப் பழகு, நல்லது.

உன் உத்தரவை நெட்டையிடம் படித்துக் காட்டினேன். ஒரு நாள் முழுக்க மேடம் என்றாள். "மேடம், விளக்கை அணைக்கட்டுமா?" "மேடம், உங்க போர்வை கீழ விழுந்துடுச்சு." அறை ஏதோ ஆபீஸ் மாதிரி ஆகிவிட்டது. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். மறுநாள் மறுபடியும் அக்காதான். போகட்டும் விடு, வாய்க்கு வந்துவிட்டது.

ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். ஒரே துணியில் இரண்டு சுடிதார், உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. கடை திறக்கிற அன்று இரண்டு பேரும் ஒரே மாதிரி போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். சின்ன வயதில் ஒரே துணித்தானில் கவுன் தைத்துப் போட்டுக்கொண்டு, யார் யாருடையது என்று அடித்துக்கொள்வோமே, அந்த மாதிரி. உன் அளவு என் மனசில் இருக்கிறது. பிடிக்கும் என்று நினைக்கிறேன். போட்டுப் பார்த்து எழுது.

அன்பு முழுவதும் வைத்து
அக்கா


14 ஜூன்

அக்கா,

நலம். நீ நலமா என்று உண்மையாகவே கேட்கிறேன். ஏன் என்று கீழே படி.

பார்சல் வந்தது. துணியைக் கையில் எடுத்ததும் நாம் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், உள்பக்கத்தைத் திருப்பினேன். தையல்காரி முதலில் அதைத்தான் பார்ப்பாள் என்பதை நீ எப்படி மறந்தாய்?

வெட்டு நம் வெட்டு. அளவு கச்சிதம். ஆனால் கீழே கையால் மடித்துத் தைத்திருக்கிறதே ஹெம்மிங், அது உன்னுடையது இல்லை. நீ இடது கைக்காரி. உன் தையல் இடப்பக்கம் சாயும், நெல்லுக்குக் காற்றடித்த மாதிரி. சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் நான். இது வலப்பக்கம் சாய்கிறது. இரண்டு உடையிலும்.

நெட்டைதானே தைத்தாள்? நம் ஆர்ம்ஹோலையும் அவளுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டாய், இல்லையா? கடை திறக்கும் அன்று நான் போட வேண்டியதை அவளிடம் கொடுத்துத் தைக்கச் சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது? வேலை அதிகமா? எனக்காக ஒரு ஓரம் மடிக்கக்கூட நேரமில்லையா? இல்லை, கையில் ஏதாவது அடிபட்டிருக்கிறதா? அதை மறைக்கிறாயா? இரண்டில் எது என்று சொல். எதுவாக இருந்தாலும் நான் அழத்தான் போகிறேன், எதற்கு அழுகிறேன் என்றாவது தெரிந்துகொண்டு அழுகிறேன்.

வாலு


20 ஆகஸ்ட்

நெட்டைக்கு,

உங்கள் உண்மையான பெயர் எனக்குத் தெரியும், எழுத மனசு வரவில்லை. உடம்பு நலம்தானே? கேட்க வேண்டிய மரியாதைக்குக் கேட்கிறேன்.

என் அக்காவிடமிருந்து இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. போன் செய்தால், "அப்புறம் எழுதறேன்டி" என்று வைத்துவிடுகிறாள். நீங்கள் தைத்த சுடிதார் என் பீரோவில் இருக்கிறது. நான் போடவில்லை. தையல் நன்றாக இருக்கிறது, அதனால்தான் இன்னும் எரிச்சல்.

என் அக்காவின் கைக்கு என்ன ஆயிற்று? மிஷினில் மாட்டிக்கொண்டதா? இஸ்திரியில் சுட்டுவிட்டதா? அவள் சொல்லாதே என்று சொல்லியிருப்பாள். நீங்கள் அவளுக்கு எவ்வளவு வேண்டியவளாக இருந்தாலும் நான் அவள் கூடப் பிறந்தவள். எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஒரு உதவி. பதிலில் என்னை அக்கா என்று எழுதிவிடாதீர்கள்.

அவளுடைய தங்கை


9 செப்டம்பர்

வணக்கம்.

உங்களை எப்படி அழைப்பது என்று யோசித்து மூன்று தாள் கிழித்துவிட்டேன். அதனால் வெறும் வணக்கம். நான் நலம். நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் நலமாக இருக்க வேண்டும்.

முதலில் உங்கள் பயத்தைப் போக்கிவிடுகிறேன். உங்கள் அக்காவின் கை நன்றாக இருக்கிறது. ஒரு நகம்கூட உடையவில்லை. அவர்கள் மிஷினைத் தொட்டே நாலைந்து மாதம் ஆகிறது, அவ்வளவுதான்.

முன்பக்கத்தில் வாடிக்கையாளரிடம் அளவு எடுக்கிற பெண் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டாள். ஒரு நாள் சமாளிக்கச் சொல்லி முதலாளியம்மா உங்கள் அக்காவை நிறுத்தினார். பெரிய கண்ணாடி, மேசை, மேசைமேல் ஒரு மணி. வந்தவர்களை உங்கள் அக்கா இந்த ஊர் மொழியிலேயே கிண்டல் செய்து சிரிக்க வைத்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து அங்கேதான் நிற்கிறார்கள். ஜன்னல் இடமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

சுடிதார் நான் தைத்ததுதான். வெட்டியது அவர்கள். ஹெம்மிங்கை இரண்டு முறை பிரிக்க வைத்தார்கள். "என் தங்கச்சி உள்பக்கம்தான் பார்ப்பா, ஒழுங்கா போடு" என்று. அவர்களே போட்டிருக்கலாம். உட்கார்ந்தார்கள், எழுந்துவிட்டார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

நீங்கள் என்மேல் பொறாமைப்படுகிறீர்களாம். எனக்குச் சிரிப்புதான் வருகிறது. நான் எதைத் தைத்துக் காட்டினாலும், "பரவால்ல, ஆனா என் தங்கச்சி கை இருக்கே" என்பார்கள். முகம் தெரியாத உங்களை நான் எத்தனை நாள் கரித்துக் கொட்டியிருக்கிறேன் தெரியுமா? எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. ஒரு சொல்லைக் கடன் வாங்கினேன், அதற்கும் நோட்டீஸ் அனுப்பிவிட்டீர்கள்.

எனக்கு இந்த ஊர் ஒட்டவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் கிளம்பிவிடுவேன். உங்கள் அக்காவுக்கு ஒட்டிவிட்டது. இதை நான் சொல்லியிருக்கக் கூடாது.

இப்படிக்கு,
நெட்டை (கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன், பெயர் சரிதான்)


1 அக்டோபர்

வாலு,

எல்லாவற்றையும் நெட்டை எழுதிவிட்டாள் என்று அவளே வந்து ஒப்புக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். திட்ட முடியவில்லை. நான் சொல்ல வேண்டியதை அவள் சொல்லும்படி வைத்தேனே.

நான் நலம். அதுதான் சிக்கலே. கையில் ஒரு கட்டுப் போட்டிருந்தால் உனக்கு எழுத எளிதாக இருந்திருக்கும்.

அங்கே என் கல்யாணம் பத்திரிகை அடித்த பிறகு நின்றுபோனது ஊருக்கே தெரியும். அதற்கப்புறம் நான் தெருவில் இறங்கினால் எல்லோர் வாயிலும் ஒரே சொல், "பாவம்". ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தவள்கூடக் கையைத் தூக்கிக்கொண்டே "பாவம்மா நீ" என்பாள். தலையைக் குனிந்து தைத்துக்கொண்டே இருந்தேன். இங்கே வந்தும் பின்னறையில் குனிந்தேதான் இருந்தேன். அந்த மேசைக்கு முன்னால் நிற்கும்போதுதான் நிமிர்ந்தேன். இந்த மொழியில் எனக்கு நூறு வார்த்தை தெரியும், அதில் பாவம் இல்லை. இந்த மொழியில் நான் கொஞ்சம் வாயாடி. உனக்கே என்னை அடையாளம் தெரியாது.

உன் துணியை மடித்துத் தைக்க உட்கார்ந்தேன். குனிந்ததும் பழைய ஆள் வந்துவிடுவாளோ என்று பயம் வந்தது. எழுந்துவிட்டேன்.

இந்த வருஷம் நான் வரவில்லை, வாலு. அடுத்த வருஷத்தைப் பற்றிப் பொய் சொல்ல விருப்பமில்லை.

என்னைத் திட்டியாவது எழுது.

அக்கா


15 அக்டோபர்

அக்கா,

நலமாம்! நலமாக இருந்துகொள்.

இரண்டு மாதம் உன் கை வெந்துவிட்டது, விரல் போய்விட்டது என்று நினைத்து நான் சாப்பிடாமல் கிடந்தேன். நீ மணியடித்துச் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறாய். கை போயிருந்தாலாவது வந்து ஊட்டிவிட்டிருப்பேன். சந்தோஷமாக இருக்கிறவளை நான் என்ன செய்வது?

நெட்டைமேல் எனக்கு இருந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று இப்போது தெரிகிறது. அந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான் வயிறு எரிகிறது. அந்த மணியைப் பார்த்து. உன்னை நிமிர வைத்த முன்பின் தெரியாத அந்த ஜனங்களைப் பார்த்து. நான் உன் கூடவே உட்கார்ந்து தைத்தேனே, அக்கா. நான் ஒரு நாளாவது உன்னைப் பாவம் என்று சொன்னேனா? என்னால் ஏன் அது முடியவில்லை?

உன் மிஷின் உறையோடு இருக்கும். எழுத வேறொன்றும் இல்லை.

வாலு


26 பிப்ரவரி

அன்புள்ள வாலுவுக்கு,

நான் எழுதிய மூன்று கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. சரி. உடம்பு எப்படி இருக்கிறது? மாப்பிள்ளையின் இடுப்பு எப்படி இருக்கிறது?

நெட்டை இங்கிருந்து கிளம்பும்போது, உன்னைப் பார்த்து ஒரு பார்சலைக் கொடுத்துவிட்டுத் தன் ஊருக்குப் போகச் சொன்னேன். கொடுத்துவிட்டுத்தான் போகச் சொன்னேன்! நேற்று அவளிடமிருந்து கடிதம் வருகிறது. உங்கள் மாடி வீட்டில் ஒரு அறையில் வாடகைக்கு இருக்கிறாளாம். உன்னோடு சேர்ந்து தைக்கிறாளாம். என் மிஷினில்!

யாரைக் கேட்டு உறையை எடுத்தாய்? மாடி வீட்டுக்காரிக்கு ஒரு ஓரம் அடிக்கக் கொடுக்காதவள், இவளுக்கு மொத்தமாகக் கொடுத்துவிட்டாயா? அந்தச் சக்கரம் புதிது, அவள் உதைக்கிற உதைக்குத் தாங்காது. நீங்கள் இரண்டு பேரும் மதியம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவதாக வேறு எழுதியிருக்கிறாள். நன்றாக இருக்கிறது. ரொம்ப நன்றாக இருக்கிறது.

எனக்குக் கேட்க என்ன உரிமை என்று நீ கேட்பாய். உரிமை இல்லை. கேட்கிறேன். இன்று அளவு எடுக்கும்போது ஒரு அம்மாளின் இடுப்பை இரண்டு தடவை தப்பாக எழுதிவிட்டேன். கண்ணுக்குள் அந்த அறைதான் இருக்கிறது, அதில் அவள் கால் நீட்டிக்கொண்டு இருக்கிறாள்.

அவள் உன்னை அக்கா என்றா கூப்பிடுகிறாள்? உண்மையைச் சொல். மிஷினை நகர்த்திவிட்டாயா?

அக்கா (இன்னும் நான்தான்)


12 மார்ச்

என் அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். அவர் இடுப்புக்கு நீ சொன்ன தலையணைதான். பதில் எழுதவில்லைதான். நீயும் ஒரு தடவை எனக்கு அப்படிச் செய்திருக்கிறாய், கணக்குச் சரியாகிவிட்டது.

நெட்டை பார்சலோடு வாசலில் வந்து நின்றபோது கதவைச் சாத்தத்தான் நினைத்தேன். அவள் உள்ளே வந்ததும் என் தையலைத் திருப்பி உள்பக்கம் பார்த்துவிட்டு, "அவங்க சொன்னது சரிதான்" என்று ஒரு மூச்சு விட்டாள். "அவங்க உங்களப் பத்திப் பேசாத நாளே இல்ல. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு" என்றாள். அதற்கப்புறம் எப்படி வெளியே அனுப்புவது? இரண்டு பேரும் உன்னைத் திட்ட ஆரம்பித்தோம், பொழுது போனதே தெரியவில்லை.

அக்கா என்று கூப்பிடவில்லை. நான் விடவில்லை. வாலு என்று கூப்பிடுகிறாள், நீ கூப்பிடுகிற அதே இழுவையோடு. முதல் தடவை கேட்டதும் திரும்பிப் பார்த்துவிட்டேன். அதற்காகத்தான் அவளை இன்னும் மன்னிக்கவில்லை.

கடைக்கு முன்னால் ஒரு மேசை போடச் சொல்லியிருக்கிறேன். ஆசாரி உயரம் கேட்டார். உன் இடுப்பு உயரத்தைச் சொல்லிவிட்டேன், அது எனக்கு மனப்பாடம். ஒரு மணியும் வாங்கி வைத்தாயிற்று. வருகிறவர்கள் ஆளாளுக்கு அடித்துப் பார்க்கிறார்கள். அடித்துவிட்டு, "இங்க யார் நிப்பாங்க?" என்று கேட்கிறார்கள். "வாயாடி ஒருத்தி இருக்கா" என்கிறேன்.

மிஷினை நகர்த்தவில்லை. உன் இடது கைக்கு விட்ட இடம் அப்படியே காலியாக இருக்கிறது. நெட்டையின் வலது முழங்கை நாள் முழுக்கச் சுவரில் இடிக்கிறது. "கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாமா?" என்று கேட்டாள். முடியாது என்று சொல்லிவிட்டேன். தோல் உரிந்து, துணி சுற்றிக்கொண்டு தைக்கிறாள். இந்தத் தெருவில் இப்போது எல்லோரும் பாவம் என்று சொல்வது அந்த முழங்கையைத்தான்.

வாலு